கை பொறுக்கும் சூடு

ஷவர் குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருதாசலத்துக்குத் தோன்றியது. கழற்றும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், மாட்டும்போதுதான் எந்தப் பல் எதற்கு நேராக இருந்தது என்று முழிக்க வேண்டி வரும், அவர் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் புதிதாக வந்த ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது அப்படி முழித்துத் திட்டு வாங்கியிருக்கிறான். குளியலறைச் சுவரில் ஈரம், பென்சில் எழுதாது. கண்ணாடியின் ஓரத்தில் துளசிமணி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகள் கண்ணில் பட்டன. குளிக்க வரும்போது நெற்றியில் இருப்பதை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவாள், குளித்துப் போனதும் புதிதாக ஒன்று வைத்துக்கொள்வாள், பழையது அங்கேயே கிடக்கும், கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிற வேலை அவளுடையது. அதில் இரண்டைப் பெயர்த்து, ஷவர் குழாயின் குமிழ் மேல் ஒன்றும் அதற்கு நேராகச் சுவர்த் தகட்டில் ஒன்றுமாக ஒட்டினார். அந்தச் சின்ன வேலைக்கே நேரம் பிடித்தது. பொட்டு விரலில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது, வேறென்ன. குமிழ் முப்பத்தெட்டில் நின்றது, இரண்டு பொட்டும் நேருக்கு நேர் நின்றன. கீசரை அணைத்தார், பரணுக்குக் கீழே இருந்த இரண்டு வால்வையும் மூடினார், குமிழின் அடியில் ஒளிந்திருந்த திருகாணியைத் தேடி அல்லன் கீயை நுழைத்தார். அது நுழைந்ததா என்று கைக்குத் தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

வெளியே ஹாலில் துளசிமணி தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை. பக்கவாதம் வந்து இடது பக்கம் மரத்துப்போன பிறகும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவள் விட்டுக்கொடுக்கவில்லை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பாள், நீ கேட்டால்தானே அவர் சொல்வார் என்று இவர் சொல்வார். காலையில் மிளகு போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சியது இவர்தான், வலது பக்கம் அவளே தேய்த்துக்கொண்டாள், எட்டாத பக்கத்துக்கு இவர் கிண்ணத்தில் விரலை முக்கி எடுத்துக்கொண்டு போனபோது அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "சித்த ஆறட்டுமுங்க" என்றாள். ஆறித்தானே இருக்கிறது என்று நினைத்தார், சொல்லவில்லை. அவளுக்கு எது சூடு, எது குளிர் என்பதெல்லாம் இப்போது குழம்பிக் கிடக்கிறது, பாவம், அவளிடம் போய் என்ன வாதம். எண்ணெய் வைத்த தலையோடு அதிக நேரம் உட்காரக் கூடாது, சளி பிடிக்கும். அதற்குள் இந்தக் குழாய் சரியாக வேண்டும், அதற்குள் என்றால் அதற்குள், ஏனென்றால் கோகிலவாணி பெங்களூரில் ரயில் ஏறிவிட்டாள், சாப்பாட்டு வேளைக்கு இங்கே இருப்பாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குத்தான் வருவாள், தன் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதா.

போன வாரம் வீடியோவில் பேசும்போது அம்மாவின் தோளைப் பார்த்துவிட்டாள். ஜாக்கெட் சரிந்திருந்தது, இடது தோளில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். என்னம்மா அது என்று கேட்டவளுக்குத் துளசிமணி பதில் சொன்னாள், "அந்தக் கொழா கெட்டுப் போச்சு கண்ணு. ஒரு நாளைக்கு ஜில்லுங்குது, ஒரு நாளைக்குக் கொதிக்குது." அது உண்மைதான், இவரும் பின்னால் நின்று தலையாட்டினார். சூடு அளவு தாண்டாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய வால்வு அது. துளசிமணிக்கு இடது பக்கத் தோலில் சூடு தெரியாது என்பதற்காகவே அனுப்பியது. முப்பத்தெட்டில் வைத்துவிட்டால் போதும் மாமா, லேசாகக் காய்ச்சல் அடிக்கிற சூடு, காய்ச்சல் குச்சியில் பார்த்தால் நூறு டிகிரிதான், அதற்கு மேலே போகாது என்று சொல்லியிருந்தார். எங்கே? முப்பத்தெட்டில் வைத்தால் சுடாத பச்சைத் தண்ணீர்தான் வந்தது. குமிழின் மேல் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான், அதை அழுத்தினால்தான் முப்பத்தெட்டைத் தாண்டித் திரும்பும். இவர் தினமும் அழுத்தித் திருப்பி, கைக்கு வெதுவெதுப்பாக வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டார். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தும் ஒரு நாள் கொதித்துவிட்டது. கோகிலவாணி, "அப்பா, அடுத்த வாரம் நான் வர்றனுங்க. கொழா சரியாயிருந்துச்சுன்னா செரி. இல்லீன்னா அம்மா என்னோட வந்துரட்டும், அங்கயே வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள். இவர், "செரி கண்ணு" என்றார். சொல்லிவிட்டுப் போய்த் தட்டில் மீதியிருந்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டார். ஊறுகாய் போட்டுக்கொண்டார்கூட.

அந்தச் 'செரி'தான் அவரை விடவில்லை. குமிழைக் கழற்றிப் பக்கெட்டின் மூடி மேல் வைத்தபோதும், சுவர்த் தகட்டைத் தளர்த்தியபோதும் அது வந்து வந்து போனது. எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது? அவள் போய்விட்டால் இந்த வீட்டில் இவர் மட்டும்தான். நீங்களும் வாங்கப்பா என்று பெண் சொன்னாள், சொன்ன குரலிலேயே இடம் இல்லை என்பதும் இருந்தது. அங்கே மாப்பிள்ளையின் அம்மா இருக்கிறார், துளசிமணி அவரோடு ஒரே அறையில் படுத்துக்கொள்வாள், இவர் எங்கே படுப்பது, சோபாவிலா. அதனால் தனியாக இருப்பதுதான். தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்தார். ராத்திரி படுத்துக்கொண்டு வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தார், கட்டிலின் அந்தப் பக்கம் காலி, அடுப்படியில் சத்தம் இல்லை, தட்டு ஒன்று. ஒன்றும் வரவில்லை. அரிசி முக்கால் டம்ளர் போட்டால் போதும் என்பதுதான் வந்தது. வலித்துக்கொண்டிருந்த பல் திடீரென்று வலிக்காமல் போனால் நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தட்டிப் பார்க்குமே, அப்படித் தட்டிப் பார்த்தார். அவள் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலப்பொடி டப்பாவோடு சாய்ந்துவிட்டாள், தூக்கிக்கொண்டு ஓடியது, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தது எல்லாம் இன்னொருவருக்கு நடந்ததைப் பார்த்த மாதிரி. அழவில்லை. வந்து பார்த்த தம்பி பெண்டாட்டி, "மாமா கல்லு மாதிரி நிக்கறாருங்க, இவருக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி" என்று யாரிடமோ மெச்சிக்கொண்டாள். நெஞ்சுரமா. உரமும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் வெளி. மனுசனுக்கு ஒரு பயமாவது வர வேண்டாமா? வராததுதான் அவருக்குப் பயமாக இருந்தது, அதுவும் தூரத்தில் எங்கோ நாய் குரைப்பது மாதிரியான பயம், எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றாத பயம்.

வால்வின் உள்பாகமான கார்ட்ரிட்ஜ் வெளியே வந்தது. விரல் நீளத்துக்குப் பித்தளையும் பிளாஸ்டிக்குமாக ஒரு குழல். இதற்குள்ளே ஒரு துண்டு மெழுகு இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார், சூடு ஏறினால் மெழுகு உப்பும், உப்பிச் சுடுதண்ணீர் வரும் வாயை அடைக்கும், சூடு குறைந்தால் சுருங்கி வழிவிடும், கரண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஒரு துண்டு மெழுகு நாள் முழுக்க உட்கார்ந்து சூடு பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர் பார்த்த அதே வேலைதான். பம்பு கம்பெனியில் சோதனைக் கூடத்தில்தான் இவருடைய காலம் போனது. மோட்டாரை ஓட விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, அதன் உடம்பின் மேல் உள்ளங்கையை வைப்பார். வைத்து எடுக்கத் தோன்றவில்லை என்றால் நல்ல மோட்டார். கொஞ்ச நேரத்தில் எடுக்கத் தோன்றினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வைத்ததும் எடுத்தால் அதைப் பிரிக்க வேண்டியதுதான். கை பொறுக்கும் சூடு என்று அதற்குப் பெயர். மீட்டர் எல்லாம் இருந்தது, இருந்தாலும் மேனேஜர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "மருதாசலம், நீ கைய வச்சுப் பாரு" என்பார். மீட்டர் பொய் சொல்லும், கை சொல்லாது. வீட்டிலும் அதேதான், குழந்தைக்குக் காய்ச்சலா, பால் குடிக்கிற சூட்டில் இருக்கிறதா, குளிக்கிற தண்ணீர் விளாவியது போதுமா, எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கூப்பிடு, அப்பா கை வைக்கட்டும். குளியலறை வாசலில் சின்னக் கோகிலவாணி துண்டைச் சுற்றிக்கொண்டு நின்று, அப்பா கைய வச்சாத்தான் குளிப்பேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அதே பெண்தான் இப்போது வருகிறாள்.

"துளசி, புளி எங்கிருக்குது?" என்று குரல் கொடுத்தார்.

"கொழாய்க்கு என்னத்துக்குங்க புளி, கொழம்பா வெக்கப் போறீங்க?" என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. நாக்கு இன்னும் லேசாகக் குழறினாலும் நக்கலுக்குக் குறைவில்லை.

"உப்புப் படிஞ்சிருக்கும். போர்த் தண்ணில வேற என்ன படியும். ஊற வச்சு எடுத்தா செரியாயிரும்."

"மேல் தட்டுல நீல டப்பா. எடுத்து வெந்நியில ஊறப் போடுங்க, பச்சத் தண்ணில எறங்காது."

அடுப்பில் தண்ணீர் வைத்து, புளியைப் போட்டுக் கரைத்து, கார்ட்ரிட்ஜை அதில் முக்கினார். பித்தளைச் சொம்பு விளக்குகிறவர்களுக்குத் தெரியும், புளி தொட்டால் உப்பும் களிம்பும் கழன்று வந்துவிடும். ஹார்டுவேர் கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார், அவர் முந்தாநாளே, இந்த ஊர்த் தண்ணிக்கு இதெல்லாம் தாங்காதுங்க, சாதாக் குழாய் ரெண்டை மாட்டிட்டு நிம்மதியா இருங்க என்று சொல்லிவிட்டார். புளித் தண்ணீரில் கையை விட்டு வால்வைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். கசடு எதுவும் வரவில்லை. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், புதிதாக வாங்கியது போல இருந்தது. வடிகட்டிச் சல்லடையில் இரண்டு மணல் துகள், அவ்வளவுதான். ரப்பர் வளையங்கள் வழுவழுவென்று இருந்தன. இவ்வளவு சுத்தமான சாமான் எப்படிக் கெட்டுப்போகும்? மெழுகுதான் போயிருக்க வேண்டும். மெழுகுக்கு உணர்ச்சி செத்துப் போயிருக்கும், சூடு வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் புதிதுதான் வாங்க வேண்டும், அது பெங்களூரில்தான் கிடைக்கும், பெங்களூரிலிருந்து வருகிறவள் அதை வாங்கி வரவில்லை, அம்மாவைக் கூட்டிப்போகப் பெட்டியைத்தான் கொண்டுவருகிறாள். அவர் அப்படியே நின்றார். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே மருதமலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. போன மாதம் அங்கே படியேறிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒருவர், ஐயா உங்க செருப்பு ஒண்ணு கீழயே கிடக்குதுங்க என்று கூப்பிட்டுச் சொன்னார், குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது துளசிமணி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்கு டெஸ்ட் எடுக்கணும் என்றாள். எடுக்கலாம் என்றார். அவள் விழுந்ததிலிருந்தே இவருடைய டெஸ்ட் தள்ளித் தள்ளித்தான் போகிறது, சர்க்கரை மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறார், அதுவும் அவள் ஞாபகப்படுத்தினால்.

ஹாலைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள். எண்ணெய் வழிந்து காதோரம் மினுங்கியது. மடியில் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடிக்காவிட்டால் அது நாற்காலிக்கு வெளியே தொங்கிவிடும்.

"ஏனுங்க, காச்சல் பாக்கற குச்சி ட்ராயர்ல இருக்குதல்லொ. அத வச்சுச் சூடு பாத்துக்கலாம்."

"இத்தன வருசம் இந்தக் கைய வச்சுப் பாத்தவன், இனிக் குச்சிய வச்சுப் பாக்கோணுமாக்கும்" என்றார். சொன்னது கொஞ்சம் வெடுக்கென்று இருந்தது.

அவள் இடது கையை மடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

கார்ட்ரிட்ஜைத் திரும்ப உள்ளே தள்ளினார், நட்டை இறுக்கினார், தகட்டைப் பொருத்தினார், பொட்டுக்கு நேராகப் பொட்டு வரும்படி குமிழை மாட்டினார். கொஞ்சமும் பிசகாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. வால்வுகளைத் திறந்து கீசரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். துளசிமணி உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் முக்காலி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்துவிட்டால் குமிழ் எட்டாது, அதனால்தான் இவர் முன்னாலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் குளிப்பாட்டிவிடுகிறேன் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். அவள் ஒரே வார்த்தையில் மறுத்தாள். தலை பின்னிவிடலாம், சேலை கட்டிவிடலாம், கழிப்பறை வரை கூட்டிப்போகலாம், குளிப்பது மட்டும் அவளே, கதவைச் சாத்திக்கொண்டு. தாழ்ப்பாள் போடக் கூடாது என்று இவரும், எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவளும் பேசி வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் இவர் தண்ணீரைப் பார்த்து வைப்பார், அவள் உள்ளே போவாள், இவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நாளில் அது ஒன்றுதான் நேரம் என்று இருந்தது. மற்றதெல்லாம் சும்மா கழிந்தது.

கீசரில் விளக்கு அணைந்தது. குழாயைத் திறந்து முப்பத்தெட்டில் உள்ளங்கையை நீட்டினார். பச்சைத் தண்ணீர். அதேதான். ஒன்றும் மாறவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் திருப்பினார், கையை நீட்டினார். இன்னும் பச்சைதான். இன்னும் கொஞ்சம். கோகிலவாணி வந்து நிற்பாள், இவர் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், செரி கண்ணு என்று மறுபடியும் சொல்வார், பெட்டியை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைப்பார், துளசிமணியின் இடது காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவில்லாத ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மாத்திரை டப்பாவை எடுத்துக்கிட்டியா என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்போது, அப்பாடா, இப்போதுதான் கைக்கு ஏதோ தெரிந்தது, வெதுவெதுவென்று, குழந்தைக்கு ஊற்றலாம் போல. இதுதான் அளவு. அப்படியானால் குமிழைக் கழற்றி, முப்பத்தெட்டு இந்த இடத்துக்கு வருகிற மாதிரி பல்லை மாற்றி மாட்டிவிட்டால் போதும், தீர்ந்தது வேலை, மெழுகு சாகவில்லை, குறிதான் தவறு. கம்பெனிக்காரனே தவறாகப் பொருத்தி அனுப்பியிருப்பான். பெண் வந்தால் முப்பத்தெட்டைக் காட்டிவிடலாம். திருகாணியைத் தேடத் திரும்பியபோது கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் அவர் இல்லை. பொட்டுகளும் இல்லை. முழுதும் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை இன்னும் தண்ணீரில்தான் இருந்தது. கையிலிருந்து தெறித்த ஒரு திவலை முழங்கைக்கு மேலே விழுந்தது, சுரீரென்று அவர் உடம்பே துள்ளியது. கையை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டு வரை செக்கச் செவேலென்று இருந்தது, உள்ளங்கையில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அது யாருடைய கையோ போல அவர் முன்னால் நின்றது. வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை. இடது கையால் அதைத் தொட்டார், அந்தக் கைக்கும் சரியாகத் தெரியவில்லை, கம்பளியைத் தொட்டது போல இருந்தது. குழாயை அணைக்காமலே ஹாலுக்குப் போய், அவளைப் பார்க்காமல், ட்ராயரிலிருந்து காய்ச்சல் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து தண்ணீரில் நீட்டினார். எண்கள் ஓடின, நின்றன, எண்ணே இல்லாமல் ஓர் இங்கிலீஷ் எழுத்து மட்டும் வந்து நின்றது. மனிதக் காய்ச்சலுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். குமிழைத் திருப்பிப் பொட்டுக்கு நேராகப் பொட்டை, முப்பத்தெட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தார். நூறு. நூறும் ஒரு பிசிறும். இன்னொரு தடவை அணைத்துத் திறந்து பார்த்தார், அதே நூறு. மாப்பிள்ளை சொன்ன லேசான காய்ச்சல்.

முக்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, யாரும் கூப்பிடாமலே வந்தது. எண்ணெய்க் கிண்ணம். செருப்பு. விரலில் தெரியாத பொட்டு. ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் கதவுக்கு உள்ளேயிருந்து, "சித்த சூடா இருக்குதுங்க" என்றாள். இவர் கதவிடுக்கில் கையை நீட்டித் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "சூடெல்லாம் இல்ல, உன்ற ஒடம்புக்கு அப்பிடித் தெரியுது, பயப்படாம குளி" என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. உணர்ச்சி உள்ள வலது பக்கத்தைச் சுவர்ப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத இடது தோளைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு குளித்திருக்கிறாள். இவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், திருப்தியாக.

கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம், இடது கால் இழுபடும் சத்தம், அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், இவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணில காட்டுங்க. சும்மா உக்காந்துட்டு" என்றாள். அவளே பக்கெட்டுக்கான பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, தடியைச் சுவரில் சாத்திவிட்டு, வலது கையால் இவர் கையை இழுத்து அதன் கீழே வைத்தாள். அவள் விரல்கள் இவர் மணிக்கட்டைச் சுற்றியிருப்பதை இவர் பார்த்தார். பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"ஆடி மாசம். காப்பி டம்ளர முந்தானையில புடிச்சும் என்னால தாங்க முடியல. நீங்க வெறுங்கையில புடிச்சுட்டு நின்னு கரண்டு பில்லப் பத்திப் பேசீட்டிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

தண்ணீர் கையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் விழுந்ததுலருந்து நீங்க ஒண்ணுக்கும் எந்திரிக்கறதில்லீங்க. காத்தாலைல எனக்குத் தண்ணி பாக்கறதுக்கு மட்டுந்தான் வேகமா எந்திரிக்கிறீங்க. அதையும் புடுங்கிட்டா அப்பறம் என்ன இருக்குது உங்களுக்கு?"

அவர் தண்ணீருக்கு அடியில் கையைத் திருப்பினார்.

"கோகிலாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. கொழா சரியாயிருச்சு, அவ்வளவுதான். முப்பத்தெட்டுலயே கெடக்கட்டும், நீங்க அந்தச் செவப்புப் பொத்தான அமுக்காம இருந்தாப் போதும். எனக்கு அங்க போக வேண்டாம்" என்றாள். பிறகு, "எந்திரிங்க, தலைல எண்ண காயுது" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. அவர் வழக்கம்போல வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார், கையை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழ ஆரம்பித்தது, சீயக்காய் வாசனை வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். அவள் சொன்னது சரிதான், குழாய் சரியாக இருக்கிறது, பெண் பார்ப்பாள், குச்சியை வைத்துக் காட்டலாம், நூறு, இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிப் போவாள். பொய்கூட இல்லை. துளசிமணி இங்கேயே இருப்பாள். குளிக்கிற தண்ணீர் மட்டும்தானா? காலையில் அவள் வாயில் இடது பக்கமாகக் கஞ்சி ஊட்டுவது யார், ஊதிப் பார்த்துத்தான் ஊட்டுகிறார், உதட்டில் வைத்துப் பார்த்ததில்லை. அடுப்பைப் பற்ற வைப்பது, இட்லிப் பாத்திரத்தை இறக்குவது, அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவது. தூக்கி நிறுத்துவது. அவளுடைய வலது புஜத்தில் நீலமாக நான்கு தடம் இருந்தது, எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டார், கதவில் என்றாள். கதவுக்கு ஏது நான்கு விரல். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது இந்தக் கைக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்த பக்கம் சொல்லாது, தெரியாத பக்கத்தால் சொல்ல முடியாது. அவருக்குப் பயம் வந்தது. தூரத்தில் குரைக்கிற பயம் இல்லை, மடியில் ஏறி உட்காருகிற பயம். இத்தனை மாதம் தேடிப் பார்த்தும் கிடைக்காதது இப்போது தானாக வந்தது, கூடவே அவள் இல்லாத வீடும் வந்தது, கட்டிலின் அந்தப் பக்கம், கண்ணாடியில் புதிதாக ஒட்டப்படாத பொட்டு. முக்கால் டம்ளர் அரிசி. அவள் போகக் கூடாது, போகவே கூடாது என்று இருந்தது அவருக்கு. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றுவிடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அழைப்பு மணி அடித்தது. இடது கையால் தாழ்ப்பாளை நீக்கினார், அது திறந்ததா என்று பார்த்துக்கொண்டார். கோகிலவாணி தோளில் ஒரு பையும் கையில் ஒரு காலிப் பெட்டியுமாக நின்றாள். நினைத்தபடியே செருப்பைக் கழற்றவில்லை.

"அம்மா குளிக்கறாங்களா? கொழா சரியாயிருச்சுங்களாப்பா?"

உள்ளேயிருந்து துளசிமணியின் குரல் முந்திக்கொண்டு வந்தது. "ஆயிருச்சு கண்ணு. அப்பாவே சரி பண்ணீட்டாரு."

பெண் அவரைப் பார்த்து, ஏறக்குறையச் சிரித்தாள். பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். அவர் துண்டைப் பிரித்தார். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, ஈரத்தில் அது லேசில் வரவில்லை. பிரித்துக் கையை அவள் முன்னால் நீட்டினார், அந்தக் காலத்தில் தண்ணீருக்கு நீட்டிக் காட்டுவாரே, அப்படி.

"கொழா நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு" என்றார்.